மூக்குக்குப் போகும் கை

ஞாயிறு, இரவு

இன்றும் பேரல் ரோல் வரவில்லை. நின்றுகொண்டே ஓட்டும் ஜெட் ஸ்கீயை அலைமேல் ஏற்றி, வண்டியோடு பக்கவாட்டில் ஒரு முழுச் சுற்று சுற்றி இறங்க வேண்டும், அவ்வளவுதான். ஏறுகிறேன், சாய்கிறேன். தலைகீழாகும்போது வலது கை ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டு மூக்கைப் பிடித்துக்கொள்கிறது. சின்ன வயதில் ராமேஸ்வரத்தில் "மூக்கைப் பிடிச்சுண்டு முங்குடா" என்று அப்பா பழக்கிய கை. அதற்கு எந்தக் கடலும் தீர்த்தம்தான்.

இன்று கைவிட்ட வண்டி நெற்றியில் இடித்தது. கொஞ்சம் கீழே பட்டிருந்தால் கண்.

ஊரூர் குப்பத்துக் கரைக்கு வந்ததும் அன்வர் கத்தவில்லை. வண்டி அவனுடையது, ஆபீஸ் சிநேகிதன். "இன்னா மச்சி, முழுக்கு போடவா வந்த? இன்னொரு தபா கைய வுட்டா வண்டி கிடையாது" என்றான். சிரிக்கவே இல்லை.

வீக்கத்தைப் பார்த்துக் கேட்ட மனைவியிடம் கார் கதவு என்றேன். நம்பினாளோ என்னவோ.

தலையில் மணல் உறுத்தியது என்று மறுபடி குளிக்கப் போனேன். ஒழுங்காக இரு என்று கையிடம் சொல்லிவிட்டுத்தான் சொம்பை எடுத்தேன். தண்ணீர் தலையில் விழுந்த பிறகுதான் கவனித்தேன், சொம்பு இடது கையில் இருந்தது.