பாவு தீர்வதற்குள்

அத்தை,

இன்று மத்தியானம் பூகோளப் பரீட்சை. ஆறுகளின் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தபோது நெற்றி வியர்வையைத் துடைக்கக் கையைத் தூக்கினேன். உள்ளங்கையிலிருந்து இரும்புத் துருவின் வாசனை வந்தது. காலையில் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவியும் போகாத வாசனை. அதன்பின் ஆறுகள் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. எங்கள் நூல் அறையும், அதில் இரும்புக் கம்பிக்கு முன்னால் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நிற்கிற நீங்களும்தான் கண்ணில் இருந்தீர்கள். மணி அடிப்பதற்குள் எதையோ எழுதி நிரப்பிக் கொடுத்துவிட்டு வந்து உங்களுக்கு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் அப்பாவுக்கு மூத்தவர். கணவர் தவறிப்போன பிறகு எங்கள் அம்மாபேட்டை வீட்டுக்குத் திரும்பி வந்தவர். எனக்கு நினைவு தெரிந்த நாளாகக் கூடத்துக் குழித்தறியில் உங்களைத்தான் பார்த்திருக்கிறேன். தரையோடு தரையாக உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு, வலது மிதி, இடது மிதி என்று மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டிருப்பீர்கள். நான் பாடம் படிப்பது அந்தச் சத்தத்தில்தான். சத்தம் நின்றால் படிப்பு ஓடாது.

ஐப்பசி மழை பிடிப்பதற்கு முந்தின ஒரு சாயங்காலம் அது திடீரென்று நின்றது. வேலை முடிந்து எழப் பார்த்த நீங்கள், வலது முழங்கால் மடங்கிக் குழிக்குள்ளேயே சரிந்துவிட்டீர்கள். பிடிமானத்துக்குக் கை நீட்டியதில் தறியில் நீளவாக்கில் நீட்டிக் கட்டியிருந்த பாவு நூல் அகப்பட்டு இழைகள் கொத்தாக அறுந்தன. நான் ஓடி வந்து கை கொடுப்பதற்குள் அப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"மறுபடியுமா அக்கா?"

"வழுக்கிருச்சுடா."

"வழுக்கல. காலு நிக்க மாட்டேங்குது. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? தெனமும் இந்தப் புள்ள கையப் புடிச்சுத்தான் ஏறுற."

நீங்கள் அறுந்த நுனிகளைத் தேடிக்கொண்டிருந்தீர்கள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இந்தப் பாவு தீரட்டும்," என்றார் அப்பா. "அதுக்கப்புறம் நீ நெய்ய வேண்டாம். ஜலகண்டாபுரத்து ஆளு ஒருத்தரு தறி கேட்டுக்கிட்டே இருக்காரு. அவர உக்கார வெச்சுக்கறேன். நீ கோயிலு குளம்னு நிம்மதியா இரு."

"நிம்மதியா எங்க இருக்கறது? அந்த மூலையிலயா, இந்த மூலையிலயா?"

அப்பாவுக்குக் கோபம் வந்தது. பயமும் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. "பாவு தீர்ற அன்னிக்கு யாரு கையும் புடிக்காம நீயா இந்தக் குழிய உட்டு ஏறி வா. தறி உன்னுது. நான் ஒரு வார்த்தை பேசல."

அன்று ராத்திரி சாப்பிடும்போது என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னீர்கள்: "தறியில இருந்தா நான் இந்த ஊட்டுல ஒருத்தி, சாமி. தறி போச்சுன்னா சோத்துக்கு இன்னொரு தட்டு, அவ்வளவுதான்."

அந்த நாட்களின் கொடுமை எது என்று உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும். நீங்கள் நெய்ய நெய்யப் பாவு குறைந்தது. ஒவ்வொரு முழமும் உங்கள் தறியை உங்களிடமிருந்து இழுத்துக்கொண்டு போனது. மெதுவாக நெய்தால், "பாத்தியா, முடியல," என்பார் அப்பா. வேகமாக நெய்தால் கெடு சீக்கிரம் வரும். நீங்கள் எப்போதும் நெய்கிற வேகத்திலேயே நெய்தீர்கள். நான்தான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையைக்கூட வைக்காமல் பாவு எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பேன்.

பட்டாளத்துக்குப் போன என் தாய்மாமன் விட்டுச்சென்ற, எடை தூக்கும் பார்பெல் கம்பி புழக்கடையில் கிடந்தது. அதன் இரும்புத் தட்டுகளை அவருடைய தேகப்பயிற்சிக் கூடத்துச் சிநேகிதர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மிஞ்சிய கம்பியில் அம்மா பாய் காயப்போடுவாள். அவருடைய இங்கிலீஷ் புத்தகம் ஒன்றும் என்னிடம் இருந்தது. மீசைக்காரர்கள் பனியன் போட்டுக்கொண்டு எடை தூக்கும் படங்கள். மற்றவர்கள் அதைச் சிரிக்கப் புரட்டுவார்கள். நான் அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். படித்ததை உங்களிடம் ஓடிவந்து சொன்னேன்.

"அத்தைங்க, எந்த வயசுலயும் பலம் கூடுமாம். கொஞ்சம் கொஞ்சமா எடைய ஏத்தோணுமாம். உக்காந்து எந்திரிக்கறது, குடம் தூக்கறது, படி ஏறறது, எல்லாமே லேசாயிருமாம்."

"எழுதுனவனுக்கு என்ன வயசுன்னு போட்டிருக்குதா?"

போடவில்லை. ஆனால் மறுநாள் அப்பா நூல் கடைக்குப் போன நேரத்தில், "எங்க, அந்தக் கம்பியக் கொண்டா," என்றீர்கள்.

தட்டுகளுக்கு என்ன செய்வது என்று நான் விழித்தபோது நூல் சிப்பத்தைக் காட்டினவர் நீங்கள்தான். ஒரு சிப்பம் பத்து ராத்தல் எடை, மில்லிலிருந்து வரும்போதே அளந்து கட்டியது. வலது முனையில் ஒன்று, இடது முனையில் ஒன்று, கயிற்றால் கட்டினோம். நான் புத்தகத்தைப் பார்த்துப் படித்தேன். பாதங்களை இடுப்பகலத்துக்கு வை. முதுகை வளைக்காதே. குதிகாலை ஊன்று. மூச்சை உள்ளே பிடித்துக்கொண்டு எழு.

நீங்கள் எழுந்தீர்கள். கம்பி வலப்பக்கம் ஏறியது, பிறகு இடப்பக்கம் ஏறியது, சிப்பம் நழுவித் தரையில் விழுந்தது. மறுபடியும் அப்படியே. கயிற்றை இறுக்கிக் கட்டினேன். முடிச்சை மாற்றினேன். நாள்கள் போயின, கம்பி சாய்ந்துகொண்டே இருந்தது. கூடத்தில் பாவு தேய்ந்துகொண்டே வந்தது. நான் புத்தகத்தில் வேறு வழி இருக்கிறதா என்று தேடினேன். மீசைக்காரர்கள் ஒருவருக்கும் கம்பி சாயவில்லை.

ஒருநாள் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கம்பியைப் பார்க்காமல் உங்கள் பாதங்களை மட்டும் பார்த்தேன். வலது பாதம் முதலில் அழுத்தியது. அது ஓய்ந்த பிறகு இடது பாதம் அழுத்தியது. தறியில் மிதிக்கிற அதே தாளம்.

"அத்தைங்க, நீங்க கம்பியத் தூக்கல. மிதிய மிதிக்கறீங்க."

நீங்கள் குனிந்து உங்கள் கால்களை ஏதோ அந்நியர்களைப் பார்ப்பதுபோலப் பார்த்தீர்கள். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. "ஆமா கண்ணு. இதுக ரெண்டும் ஒருநாளும் ஒண்ணா வேலை செஞ்சதில்ல. ஒண்ணு மிதிச்சா ஒண்ணு சும்மா இருக்கும். அதான் பழக்கம்."

குழியிலிருந்து எழும்போதும் அதேதான் நடந்திருக்கிறது. உடம்பின் பாரம் முழுவதையும் வலது முழங்கால் ஒன்றே வாங்கிக்கொண்டு மடங்கியிருக்கிறது. இடது கால் தன் முறைக்காகக் காத்துக்கொண்டு நின்றிருக்கிறது.

அன்றே சிப்பங்களை அவிழ்த்துவிட்டு வெறும் கம்பியில் தொடங்கினோம். இரண்டு பாதமும் ஒரே நொடியில் ஊன்ற வேண்டும் என்பதற்காக நான் "இப்ப" என்பேன். பிறகு கம்பியைத் தோளில் வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்து எழுந்தீர்கள். பிறகு சிப்பங்கள் திரும்பி வந்தன. கம்பி சாயவில்லை.

அதற்குள் எதிர்வீட்டம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். குழாயடியில் எல்லோர் முன்னாலும் கேட்டார்: "ஏனுங்கக்கா, எந்த ஊரு பயில்வான் கூடச் சண்டை? சொன்னா நாங்களும் வந்து பாப்பமில்ல?"

நீங்கள் நிரம்பிய குடத்தை ஒரே மூச்சில் இடுப்புக்கு ஏற்றினீர்கள். "உங்க ஊட்டுக்காரரு கூடத்தான். வாரேன்னு சொல்லி வையுங்க."

குழாயடி முழுக்கச் சிரித்தது. எனக்கு மட்டும் சிரிக்க முடியவில்லை. அப்பா காதுக்குப் போய்விடுமே என்று சுற்றிலும் பார்த்தேன். ஆனால் வரும் வழியில் ஒன்று கவனித்தேன். குடம் தூக்கும்போது "அம்மாடி" என்பீர்களே, அதை அன்று சொல்லவில்லை. ஆட்டுக்கல் முன்னாலிருந்து எழும்போது சுவரைத் தேடும் உங்கள் கை, சில நாளாகச் சுவரைத் தேடவில்லை. இதையெல்லாம் நான் உங்களிடம் சொல்லவில்லை. சொன்னால் போய்விடுமோ என்று பயம்.

ஒரு மத்தியானம் அப்பா நேரத்தோடு திரும்பிவிட்டார். செருப்புச் சத்தம் கேட்டதும் சிப்பங்களிலிருந்து கம்பியை உருவிப் பாய்க்கு அடியில் தள்ளினோம். சிப்பத்தின் கயிற்றை அவிழ்க்க நேரமில்லை. அப்பா நேராக நூல் அறைக்கு வந்து அந்தச் சிப்பத்தையே கையில் எடுத்தார்.

"இதுக்கு யாரு கவுறு கட்டுனது?"

நான் புத்தகத்தை முதுகுக்குப் பின்னால் பிடித்திருந்தேன். உங்கள் மூச்சு இன்னும் அடங்கவில்லை. சமையல்கட்டிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "நாந்தானுங்க. எலி கடிக்குது. மேல தொங்கப் போடலாம்னு கட்டுனேன்."

அப்பா போனார். நாம் சமையல்கட்டுக்குப் போய் நின்றோம். அம்மா அடுப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பாய் காயப்போடக் கம்பியக் காணோம்னு தேடுனப்பவே தெரியும் அண்ணி. மொதல்ல ஏறுங்க. பாய் ஈரமாவே கெடக்கட்டும்."

பாவு தீர்ந்த அன்று காலையிலேயே ஜலகண்டாபுரத்துக்காரர் தகரப் பெட்டியோடு வந்துவிட்டார். நடுவயது, கண்ணுக்குக் கீழே கருவளையம். கூடத்து ஓரத்தில் சங்கடத்தோடு உட்கார்ந்திருந்தார். அப்பா தூணில் சாய்ந்து நின்றார். நீங்கள் கடைசி இழையை அடித்தீர்கள். இழைகள் கோத்த அச்சில் பழைய நுனிகளைக் கொஞ்சம் விட்டுவைத்துத் துணியை அறுத்தீர்கள். அந்த நுனிகளோடு அடுத்த பாவைப் பிணைத்தால்தான் தறி தொடர்ந்து ஓடும். அதைப் பிணைக்கப் போவது யார் என்றுதான் எல்லோரும் நின்றிருந்தோம்.

நெய்த துணியைச் சுற்றிவைக்கும் உருளையான படமரம் உங்கள் மடிக்கு நேராக இருந்தது. அதைத் தாங்கலிலிருந்து கழற்றி இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டீர்கள். வெறுங்கையோடு ஏறினாலே போதும், அப்பா கேட்டது அவ்வளவுதான். பாரத்தோடு ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை. கையில் பாரம் இருந்தால்தான் உங்கள் கால்களுக்குப் புதுப் பழக்கம் நினைவுக்கு வரும் என்று இப்போது எண்ணிக்கொள்கிறேன்.

எழுந்தீர்கள். வலது கால் முந்திக்கொண்டது. மரத்தின் ஒரு முனை ஏறி, மறுமுனை குழியின் சுவரில் மோதி மண் உதிர்ந்தது. உங்கள் உடம்பு சாய்ந்தது. அப்பா தூணை விட்டு ஓரடி முன்னால் வந்தார்.

"நில்லு," என்றீர்கள், அவரைப் பார்க்காமல்.

மறுபடி உட்கார்ந்தீர்கள். "இப்ப" என்று சொல்ல என் வாய் துடித்தது. சொன்னால் அதுவும் கை கொடுத்ததாகிவிடும். பற்களைக் கடித்துக்கொண்டேன். நீங்கள் மூச்சை இழுத்துப் பிடித்தீர்கள். படமரம் கொஞ்சமும் சாயாமல், நீர்மட்டம் பார்த்ததுபோல, மேலே வந்தது. அதற்குப் பின்னால் நீங்கள் வந்தீர்கள். குழிக்குள் நேராக நின்று, மரத்தைத் தரையில் வைத்து, ஒரு காலை மேலே எடுத்து வைத்து ஏறிவந்து அப்பாவுக்கு முன்னால் நின்றீர்கள். முழங்கால் நடுங்கியது. மடங்கவில்லை.

அப்பா குனிந்து படமரத்தை எடுத்துச் சுவரோரம் வைத்தார். பிறகு ஜலகண்டாபுரத்துக்காரரிடம் திரும்பி, "சாப்புட்டுட்டுத்தான் போகோணும். பக்கத்துத் தெருவுல ஒரு தறி சும்மா இருக்குது, நானே வந்து பேசறேன்," என்றார்.

அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உங்களைப் பார்த்தார். "எனக்கும் முட்டி நோவு உண்டுங்க. என்ன மருந்து போட்டீங்கன்னு எனக்கும் சொல்லுங்க."

"மருந்து இல்லீங்க, இரும்பு," என்றீர்கள். "சாப்புட்டுட்டு வாங்க, காட்டறேன்."

அப்பாவுக்கு அப்போதுதான் எல்லாம் தெரிந்தது. என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப எலி இந்த ஊட்டுல எங்கியும் இல்ல," என்று சொல்லிவிட்டுப் புதுப் பாவை எடுத்துவரப் போனார். அன்று சாயங்காலம் அவரும் நீங்களும் எதிரெதிரே உட்கார்ந்து இழை இழையாகப் பிணைத்தீர்கள்.

அடுத்த மாசியில் நீங்கள் இறக்கும் வரை உங்களுக்கு யாரும் கை கொடுக்கவில்லை. காய்ச்சல் வந்தபோது வைத்தியர் படுத்தே இருக்கச் சொன்னார். கடைசி நாளிலும் நீங்களாக எழுந்து புழக்கடைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்து படுத்தீர்கள். அந்த இரும்பு உங்கள் ஆயுளைக் கூட்டியது என்று நான் எழுத மாட்டேன், அது பொய். இருந்த வரைக்கும் உங்களை உங்கள் காலில் நிற்க வைத்தது. அது எனக்குத் தெரியும், பார்த்தேன்.

நீங்கள் பாதியில் விட்ட பாவை இப்போது அம்மா நெய்கிறாள். நான் தினமும் விடியலில் நூல் அறையில் எடை தூக்குகிறேன். நீங்கள் கடைசியாகத் தூக்கியதைவிட ஒரு சிப்பம் குறைவாகத்தான் இன்னும் வருகிறது. அவசரம் வேண்டாம், உடம்பு தன் நேரத்தில் வரும் என்பீர்கள். ஆனால் வெண்ணந்தூரிலிருந்து என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள், அத்தை. நெசவுக் குடும்பம்தான். படிப்பு முடியட்டும் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. எந்த ஊரில், எந்த வீட்டில், எவ்வளவு ஆழமான குழியின் ஓரத்தில் என்னை உட்கார வைப்பார்களோ தெரியாது. எழுந்து வரத் தெரிந்துகொண்டுதான் உட்காருவேன்.