திரைக்குள் இருந்தவர்கள்

கௌதள்ளி
12-2-1953

மைசூர் ஆஸ்பத்திரி நர்சு மரியபுஷ்பத்துக்கு, பழனாத்தாள் எழுதிக்கொண்டது.

வழுக்கி விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்த என்னை நீ துடைத்துவிட்ட அன்றைக்கு அங்கே இருந்தது நீ, வெந்நீர் கொண்டுவந்த ஆயா மாரியம்மா, என் மகன் சித்தையன், என் தங்கச்சி நஞ்சம்மா. எனக்கு எதுவும் மறக்காது. ஆயாவையும் சித்தையனையும் வெளியே அனுப்பிவிட்டுத் திரையை இழுத்தாய். நஞ்சம்மாவையும் போகச் சொன்னாய். நான்தான் விடவில்லை. முன்பின் தெரியாதவள் சேலையை அவிழ்க்கும்போது, கூடப்பிறந்தவள் ஒருத்தி உன் கையைக் கவனிக்கட்டும் என்று நிறுத்திவைத்தேன்.

என் தொடையில் இருக்கும் வெள்ளைத் திட்டை என்னைக் கட்டினவரைத் தவிர யாரும் பார்த்ததில்லை. நஞ்சம்மாவுக்கே அன்றுதான் தெரியும். கொதிநீர் பட்டது என்றேன். "சரிங்க" என்று துண்டால் மூடினாய். அந்தச் சரியை அன்றே நான் நம்பவில்லை.

என் பேத்தி பாக்கியலட்சுமியைத் தன் மகனுக்கு நிச்சயம் செய்த ராமாபுரம் கரியப்பன், எங்கள் குடும்பத்தில் வெண்குஷ்டம் என்று தாம்பூலத்தைத் திருப்பிவிட்டான். உன்னைத் தவிர யார் சொல்லியிருப்பார்கள்? அப்படி ஒன்றும் இல்லை என்று ஆஸ்பத்திரிக் காகிதத்தில் எழுதி அனுப்பு.

இதை இன்னொருவரிடம் சொல்லி எழுதவைக்க முடியாது. எழுத்துக் கோணல்தான். படி.

பழனாத்தாள்

*

மைசூர்
20-2-1953

அன்புள்ள பாட்டியம்மாவுக்கு, மரியபுஷ்பத்தின் வணக்கம்.

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும், எழுந்து உட்கார்ந்து எழுதுகிறீர்களே என்று சந்தோஷப்பட்டேன். பிறகுதான் படித்தேன்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. கரியப்பன் இங்கே வந்தது உண்மை. "அந்தக் கெழவிக்கு எடது தொடையில வெள்ளை இருக்குதாமா, நீதான கழுவுனே?" என்று வார்டு வாசலில் கேட்டார். நோயாளியின் உடம்பைப் பற்றி வெளியே பேசுவதில்லை என்றேன். "இல்லீன்னா இல்லீன்னு சொல்றதுக்கென்ன?" என்றார். மறுபடியும் அதையே சொன்னேன். ஆமாம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதை நினைத்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது.

ஆனாலும் அந்தக் காகிதம் தரமாட்டேன். பொய் என்பதால் மட்டும் இல்லை. உங்களுக்காக ஒருமுறை இல்லை என்று எழுதிவிட்டால், நாளை இன்னொருத்திக்காக நான் வாய் மூடும்போது அது ஆமாம் ஆகிவிடும்.

அது குஷ்டம் அல்ல, ஒட்டாது. நீங்கள் சம்மதித்தால் டாக்டரிடம் காட்டலாம். வழுக்கும் இடத்தில் கோல் இல்லாமல் நடக்காதீர்கள்.

மரியபுஷ்பம்

*

கௌதள்ளி
3-5-1953

மரியபுஷ்பத்துக்கு,

உன் கடிதத்தை அடுப்பில் போடத்தான் போனேன். 'எடது தொடை' என்ற வார்த்தை கையைப் பிடித்தது. எந்தத் தொடை என்று தெரிந்துகொண்டல்லவா வந்திருக்கிறான்? முதலில் ஆயாவைச் சந்தேகப்பட்டேன். அவள் திரைக்கு வெளியே நின்றாள். சித்தையனும் வெளியே.

நேற்றுக் கல்யாணப் பத்திரிகை வந்தது. மாப்பிள்ளை கரியப்பன் மகன். பெண், என் தங்கச்சி பேத்தி. கொண்டுவந்தவளும் தங்கச்சியேதான். "மனசுல ஒண்ணும் வெச்சுக்காதக்கா, நல்ல எடம், நம்ம சனத்துக்குள்ளயே இருக்கட்டும்" என்றாள். வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். மோர் கொடுத்து அனுப்பினேன்.

அவள் போனதும் பாக்கியத்தைக் கூப்பிட்டு வெந்நீர் ஊற்றச் சொன்னேன். திட்டைக் காட்டினேன். "இதையா ஆத்தா இத்தன வருசம் மூடி வெச்சிருந்தே? நானுங்கூட எதோன்னு பயந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு முதுகைத் தேய்த்தாள்.

அடுத்த வாரம் அவளோடு மைசூருக்கு வருகிறேன். டாக்டர் பார்க்கட்டும். அவர் சொல்வதை, இனி பெண் கேட்டு வருகிறவர்களிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். போன தடவை துடைக்கும்போது உன் கையைத் தட்டிவிட்டேன். இந்தத் தடவை தட்டமாட்டேன். திரைக்குள் நீயும் நானும் போதும்.

பழனாத்தாள்

கரியப்பனிடம் நீ வாயைத் திறக்காத கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. உன்னைப் பார்த்தால் போய்விடும். கரியப்பனைக்கூட என்றைக்காவது மன்னிப்பேன். நான் செத்தாலும் மன்னிக்க முடியாதவள், உன்னை நம்பாமல் நான் உள்ளே நிறுத்திவைத்த நஞ்சம்மா.