பிஸ்கட் டின்னில் தம்பியின் சாவி

உன் பழைய பிஸ்கட் டின் என் மேசையில் இருக்கிறது. உள்ளே ஒரே ஒரு கார்ச் சாவி, என் தம்பியுடையது. மூடியைத் திறந்தால் இன்னும் வெண்ணெய் வாசம். அதோடு பழைய பொறாமையும் வந்துவிடுகிறது, மச்சான்.

லண்டன் பிளேஸ்டோவில் ஒரு பிறந்தநாள் விழா முடிந்து, தம்பி போதையில் காரை மதிலில் மோதினானே, பின்சீட்டில் அவன் மகள் இருந்தாள். கை முறிந்ததோடு பிள்ளை தப்பியது. அடுத்த கொண்டாட்டத்தில் குடியின் கேட்டைப் பற்றிப் பேச நான் ஒலிவாங்கியைப் பிடித்தேன். ஈரலின் படம்கூட வரைந்து கொண்டுபோயிருந்தேன்.

"மாஸ்டர் தொடங்கிட்டார், வாங்கோ வெளியில" என்றது ஒரு குரல். ஆண்கள் கார் நிறுத்துமிடத்துக்குப் போய், வழக்கம்போல் டிக்கிகளைத் திறந்து விஸ்கியை எடுத்தார்கள். முதலில் எழுந்து போனவன் தம்பி.

நீ மினிகேப், வாடகை வண்டி, ஓட்டுபவன். படம் வரையத் தெரியாது. அதற்கடுத்த விழாவில் மண்டப வாசலில் இந்த டின்னோடு நின்றாய்.

"சாவியைப் போட்டிட்டு உள்ள போங்கோ. ரோல்ஸ் சுடச்சுட இருக்கு."

சாவி உன்னிடம் இருந்தால் டிக்கி திறக்காது. எப்படியோ குடித்தவர்களையும் உன் வான் வண்டியில் ஏற்றி வீடுகளில் இறக்கினாய். "குடிக்க முதல் கேட்டா எவனும் தருவான். குடிச்சாப் பிறகு கேட்டா அடிக்க வருவான்" என்றாய். சத்தம் கூடிய பிறகு வகுப்பை அதட்டும் வாத்தியார் நான். மணி அடிக்கும் முன்பே வாசலில் நிற்பவன் நீ.

தம்பி, "ஓம் அண்ணை" என்று சிரித்துக்கொண்டே உன்னிடம் சாவியைத் தந்தான். எனக்கு எரிந்தது. அவனுக்கு 'அ' எழுதப் பழக்கியவன் நான். எத்தனை வருடம் கெஞ்சினேன்! உன் செத்தவீட்டில் அவன் அழுதபோதும், எங்கள் அப்பாவுக்கு இப்படி அழவில்லையே என்றுதான் நினைத்தேன்.

நேற்று மத்தியானம் இல்ஃபோர்டில் விழா. டின்னோடு வாசலில் நான். தம்பி சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு வந்தான்.

"என்ன அண்ணை, பிரசங்கம் இருக்கோ?"

"இல்லை. ரோல்ஸ் இருக்கு."

சிரித்துவிட்டான். "இது உங்களுக்கில்லை, அவருக்கு" என்று சாவியைப் போட்டான்.

எனக்கு வாகனம் ஓட்டத் தெரியாது. குடிக்காதவர்கள் தங்கள் சாவிகளை வாங்கிப் போனார்கள்; எப்படியோ குடித்துவிட்ட தம்பியைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டுபோய் வீட்டில் விட்டேன். என் தோளில் சாய்ந்தபடி வழி முழுக்க உன்னைப் பற்றியே பேசினான்.

பொறாமை போகவில்லை. இன்று காலை அவன் மகள் தொலைபேசி எடுத்தாள்: "பெரியப்பா, அப்பா இன்னும் நித்திரை."

நித்திரை கொள்ளட்டும். சாவி இங்கே இருக்கிறது.