எங்கள் கௌபாய் படத்து வில்லனுக்கு

பாசமுள்ள மாப்ளே மாரிக்கு,

நம் படம் முடிந்துவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் திரை கட்டிப் போடப்போகிறோம். பள்ளிக்கூடத்தில் சிநேகிதனாகி, பிறகு என் தங்கச்சி செல்வியைக் கட்டியவன் நீ. இந்தச் செய்தியை உன் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டே சொல்லியிருக்க வேண்டும். இப்படி ஊரறிய எழுதும்படி ஆகிவிட்டது.

பார்த்தால் நீயே சிரிப்பாய். மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கு விடும் குதிரைதான் உன் குதிரை. முகத்தில் கட்டியிருப்பது ராஜபாளையத்து பேண்டேஜ் துணி, சாயம் முக்கியது. ஆனாலும் கான்சாபுரத்து மலையடிவாரப் பொட்டலில் நீ நடந்து வந்தால் அதெல்லாம் மறந்துபோகிறது. ஓடைக்கு இரண்டு பக்கமும் இருக்கிற ஊர்களுக்குள் கோள்மூட்டிச் சண்டை இழுத்துவிட்டு, நிலத்தைச் சுருட்டப் பார்க்கும் கொள்ளைக்காரன். எறும்பைக்கூட மிதிக்காத உனக்கு அந்தக் கள்ளப் பார்வை எங்கிருந்து வந்தது?

டப்பிங் பேச நீ இல்லை. அதற்குள் மில்லில் ஷிப்டு நடுவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய். உனக்கு வேறொருவர் குரல் கொடுத்தார். நன்றாகத்தான் பேசினார், எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை.

சிக்கல் கடைசிக் காட்சியில் வந்தது. நீ சுடப்பட்டு விழுந்து சாகிற காட்சி. செல்வி ஒரே பிடியாக நின்றாள்.

"அவிய செத்தத ஒருக்கப் பாத்தாச்சுண்ணே. ஊரு முன்னால இன்னொருக்க எதுக்கு? அதப் போட்டா எங்க வீட்டு வாசல மிதிக்காத."

நான் என்ன செய்ய? வில்லன் சாகாவிட்டால் கதை நிற்காது. "நான் சாவணும்லே, அப்பத்தான் சனம் கைதட்டும்" என்று அடம்பிடித்தவன் நீ. உன் ஆசையை வெட்டுவதா, அவள் புண்ணைக் கிளறுவதா?

கடைசியில் வெட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். அவளுக்கு நம்பிக்கை இல்லை, கூடவே வந்து எடிட்டிங் அறையில் உட்கார்ந்துகொண்டாள். எடுத்தது எடுத்தபடி இருந்த காட்சியை ஓட்டினேன். நீ விழுந்தாய். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் நிறுத்துவதற்குள் படத்துக்குள்ளிருந்து கேமராக்காரர் குரல் கேட்டது.

"செத்தவன் எந்திச்சு கேமராவப் பாத்துச் சிரிச்சிரணும்ப்பா. இல்லன்னா ஆகாது."

சாவுக் காட்சி எடுத்தால் செய்கிற சாங்கியம். நீ எழுந்தாய். வாயிலிருந்த மண்ணைத் துப்பினாய். கண் இடுங்கச் சிரித்தாய்.

"ஏலே, சட்ட கிழிஞ்சிட்டு. செல்விகிட்ட சொல்லிராதலே, கொன்னுருவா."

எடுத்து வைத்த அத்தனையிலும் உன் சொந்தக் குரல் தெளிவாக விழுந்திருப்பது அந்த ஓரிடத்தில்தான். அந்தச் சாங்கியம் ஏன் மாப்ளே உன்னைக் காக்கவில்லை?

செல்வி திரும்பிப் பார்த்தாள். "இன்னொருக்கப் போடுண்ணே" என்றாள். போட்டேன். திரும்பவும் கேட்டாள், திரும்பவும் போட்டேன்.

"முள்ளு மாட்டிட்டுன்னு சொன்னாவ. அந்தச் சட்டய நான்தான் தச்சுக் கொடுத்தேன். எம்புட்டுப் பொய்யி!"

சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். அது அழுகையாகி, அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. உன்னைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட அவள் அப்படி வாய்விட்டு அழவில்லை. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எதயும் வெட்டாத. சாகட்டும். பொறவு எந்திரிக்கட்டும்."

அப்படியே போடுகிறேன் மாப்ளே. நீ எழுந்து சிரித்த பிறகுதான் மண்டபத்தில் விளக்கைப் போட விடுவேன். இது சத்தியம்.

செல்விக்கு அண்ணன், உனக்கு என்றைக்கும் மச்சான்,
முருகேசன்