துணைக்கு வந்தவர்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? நான் சுகம்.

கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையில் எனக்கு அந்த நோயை உண்டாக்கக்கூடிய வைரஸ் இருப்பதாக வந்தது. பதறாமல் மேலே படியுங்கள். செல்களின் டி.என்.ஏ.வில் மெத்தில் குறிகள், அதாவது செல் புற்றாக மாறத் தொடங்குவதைக் காட்டும் அடையாளங்கள், ஏறியிருந்தால்தான் கவலை. அதைப் பார்க்கும் சோதனை நான் வேலை செய்யும் ஆய்வகத்திலேயே நடந்தது. மாதிரிக் குழாய்களில் பெயர் இருக்காது, எண்தான். எது என்னுடையதென்று தெரியாததால், அந்த வாரம் எல்லாவற்றையும் என்னுடையதாகவே நினைத்துத் தொட்டேன்.

முடிவு வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனபோது, படிவத்தில் 'துணைக்கு வந்தவர்' என்ற இடத்தில் 'அம்மா' என்று எழுதிவிட்டேன்.

"அவங்க எங்கம்மா இருக்காங்க?" என்றார் நர்ஸ்.

"வந்துட்டே இருக்காங்க" என்றேன்.

குறிகள் இல்லை. அடுத்த வருடம் வந்தால் போதுமாம்.

பஸ்ஸுக்கு நேரமாகிறது. "இந்த வயசுல எனக்கெதுக்குடி" என்று இழுக்காமல் நீங்களும் போய்ப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். துணைக்கு யாரென்று கேட்டால், என்னை எழுதுங்கள்.

உங்கள் சின்னவள்