வெட்டிய ஓரத்தில் உன் பெயர்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அங்கே அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் கண் விழித்ததும் முதல் நினைப்பு. அம்மாவின் முழங்கால் முன்னைக்கு இப்போது தேவலை, மாடிப்படி ஏறும்போது மட்டும் ஒவ்வொரு படிக்கும் என்னைத் திட்டிக்கொண்டே ஏறுகிறாள், படியின் உயரத்தைக் குறித்தவன் நான்தானே. தம்பிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. அதை உனக்குத் தானே சொல்வதாக ஜம்பமாகச் சொன்னான், இன்னும் சொல்லவில்லை என்றால் தெரியாத மாதிரியே இருந்துகொள். மொட்டைமாடித் தொட்டி மறுபடி ஒழுகுகிறது. ஊரார் வீட்டுக்கெல்லாம் கட்டடப் படம் போடுகிறவர் நம் வீட்டுத் தொட்டியைப் பார்க்கக் கூடாதா என்று உன் அத்தை வந்தபோது நாலு பேர் எதிரில் கேட்டாள். நீ குளிரில் காலுறை போடாமல் நடப்பதை அன்றைக்குப் போனில் பார்த்ததாக அம்மா சொன்னாள். போட்டுக்கொள், அம்மா, சளி பிடித்தால் அங்கே யார் பார்ப்பார்கள்.

வாரத்துக்கு மூன்று முறை முகம் பார்த்துப் பேசுகிறவர் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். முகம் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை, அதுதான் காரணம். போன வருடம் ஒருநாள் பேச்சோடு பேச்சாக, "அப்பா, என் பேர்ல வாங்கின சாஃப்ட்வேரை ஆபீஸ்ல இருந்து எடுத்துட்டீங்கல்ல?" என்று கேட்டாய். எடுத்தாயிற்று என்று சொன்னேன். எடுக்கவில்லை. கட்டடப் படம் வரையப் படித்தபோது ஒரே ஒரு கம்ப்யூட்டருக்கு என்று நீ கையெழுத்துப் போட்டு வாங்கிய மாணவர் லைசென்ஸ், நீ கிளம்பிப் போன இந்த ஏழு வருடமும் நம் ஆபீஸின் நான்கு கம்ப்யூட்டரிலும் ஓடிக்கொண்டிருந்தது. இணையத்தோடு சேர்க்காமல் வைத்தால் அது யாரையும் கேட்காமல் தன்பாட்டுக்குத் திறக்கும் என்று கண்டுபிடித்தவர் நம் முக்கோணம்தான். என்னோடு இருபது வருடமாக வரைகிறவர், பேசும்போதெல்லாம் கையில் அந்தப் பிளாஸ்டிக் முக்கோணத்தை ஆட்டிக்கொண்டே பேசுவாரே, அவரேதான். ஆனால் அவர் மேல் பழியைப் போட்டு நான் தப்பிக்கப் பார்க்கவில்லை, போடச் சொன்னவன் நான். ஒரு புத்தகம் வாங்கினால் வீட்டில் நாலு பேர் படிப்பதில்லையா என்று அப்போது உன்னிடம் வாதாடியது ஞாபகம் இருக்கிறது. நாலு பேரும் நாலு ரூமில் ஒரே நேரத்தில் படிக்க முடியாதுப்பா என்றாய், வாயாடி என்று சிரித்து முடித்துவிட்டேன். அவ்வளவு பெரிய கம்பெனிக்கு நம் மூலைக்கடை ஆபீஸால் என்ன குறைந்துவிடப் போகிறது, தெருவுக்குத் தெரு எல்லோரும் செய்வதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விலையும் நமக்குக் கனம்தான், அதை இல்லை என்று சொல்லமாட்டேன்.

அந்த சாஃப்ட்வேரில் எந்தப் படத்தை அச்செடுத்தாலும் தாளின் கீழ் ஓரத்தில் ஒரு வரி தானாக வந்து விழும், உனக்கே தெரியும். மாணவர் பயிற்சிக்கு மட்டும் என்று இருக்கும், பக்கத்தில் உன் முழுப் பெயர். அந்தத் தாளை அப்படியே வேலை நடக்கும் இடத்துக்குக் கொடுக்க முடியுமா? அதனால் பத்துப் பத்துத் தாளாக அடுக்கி, இரும்பு ஸ்கேலை வைத்து, பிளேடால் கீழ் ஓரத்தை இரண்டு விரல் அகலத்துக்கு நானே வெட்டிவிடுவேன். வேறு யாரையும் அந்த மேஜைப் பக்கம் விடமாட்டேன். கேட்டால் ஓரம் சுத்தமாக இருக்க வேண்டும், தாள் பார்வையாக இருக்க வேண்டும் என்பேன். எங்கள் முதலாளிக்கு ஓரம் என்றால் பைத்தியம் என்று முக்கோணம் வருகிறவர்களிடம் எல்லாம் கேலி செய்வார், நானும் அதை ஒரு பெருமை போல வைத்துக்கொண்டேன். வெட்டிய துண்டுகளை அம்மா வீணாக்க மாட்டாள். வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லி, கிளிப்பில் மாட்டி, பின்பக்கத்து வெள்ளையில் கடைச் சாமான் எழுதுவாள். ஏழு வருடமாக உன் பெயருக்குப் பின்னால்தான் நம் வீட்டு உப்பும் சோப்பும் எழுதப்பட்டிருக்கிறது.

இந்த வருட ஆரம்பத்தில் ஒரு பெண்ணைப் படம் வரைகிற வேலைக்கு எடுத்தேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா. அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு வேலைக்கு வருகிறவள். கை சுத்தம், பேச்சு குறைவு. நான்கு கம்ப்யூட்டரையும் ஒன்றோடொன்று இணைக்கப் பயந்து தனித்தனியாக வைத்திருந்தேனே, அதனால் படங்களை மேஜைக்கு மேஜை தூக்கிக்கொண்டு போவதே அவளுக்குப் பாதி வேலை, பென் டிரைவைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருப்பாள். அந்தச் சமயத்தில் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவரின் வீட்டு வேலை வந்தது. பக்கவாதத்தில் கால் விழுந்து ஆஸ்பத்திரியில் இருந்தார், சக்கர நாற்காலியில் வீட்டுக்கு வரப்போகிறார், அதற்குள் குளியலறையை மாற்றிக் கட்ட வேண்டும். முதல் படத்தில் கதவு இரண்டரை அடி. நாற்காலியின் அளவு வந்த பிறகு மூன்று அடியாக மாற்றச் சொன்னேன், அவளும் மாற்றினாள். மாற்றத்தை எழுதும் கட்டம் அந்தத் தாளில் ஏற்கெனவே நிரம்பியிருந்ததால், பழைய படத்தைப் பார்க்க வேண்டாம், கதவு மூன்று அடி என்று தேதியோடு தாளின் கீழ் ஓரத்தில் பேனாவால் எழுதிவிட்டாள். நான் ஓரத்தை எதற்கு வெட்டுகிறேன் என்று அவளுக்குச் சொல்லியிருந்தால் அங்கே எழுதியிருப்பாளா? சுத்தத்துக்கு வெட்டுகிறவர், எழுத்து இருந்தால் விட்டுவிடுவார் என்று நினைத்திருக்கிறாள். நான் எதையும் படித்துப் பார்த்து வெட்டுகிறவன் இல்லை.

வேலை நடந்த இடத்தில் இரண்டு தாளும் மேஸ்திரியின் கையில் இருந்தன. எது புதிது என்று காட்டத் தேதியும் இல்லை, குறிப்பும் இல்லை, கதவின் அளவைத் தவிர ஒன்று போலவே இருக்கும். அவர் பழையதை வைத்துக் கட்டி, டைல்ஸும் ஒட்டி முடித்துவிட்டார். டிரைவர் வீட்டுக்கு வந்த அன்று நானும் போயிருந்தேன். அவர் மனைவி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு குளியலறை வரைக்கும் வந்தார், சக்கரம் இரண்டு பக்கமும் சட்டத்தில் இடித்து நின்றுவிட்டது. பின்னால் இழுத்து, மறுபடி தள்ளிப் பார்த்தார். "முப்பது வருஷம் பஸ்ஸை சந்துக்குள்ள ஓட்டினவன், என் வீட்டுக் கதவுல மாட்டிக்கிட்டேன் பாருங்க" என்று டிரைவர் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. அந்த அம்மாளும் மகனும் அவரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள், கதவை இடித்து மறுபடி கட்டும்வரை பதினோரு நாள் அப்படித்தான் தூக்கினார்கள். ஆபீஸுக்கு வந்து அந்தப் பெண்ணை எல்லோர் எதிரிலும் கேட்டேன். மாற்றினேன் சார், எழுதியும் வைத்தேன் சார் என்றாள். எங்கே எழுதினாய் காட்டு என்று தாளைத் தூக்கி அவள் முன்னால் போட்டேன். படத்தில் கதவு மூன்று அடிதான், குறிப்பு மட்டும் எங்கும் இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மறுநாள் பென் டிரைவைக் கழற்றி என் மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் நிறுத்தவில்லை. போகட்டும், கவனம் இல்லாதவள் என்று முக்கோணத்திடம் சொன்னேன், அவர் எப்போதும் ஆட்டும் அந்த முக்கோணத்தைக் கீழே வைத்துவிட்டார்.

அதற்கு இரண்டு மாதம் கழித்து, போன மாதம் ஒரு சனிக்கிழமை, அம்மா கையில் ஒரு துண்டைக் கொடுத்து சாமான் வாங்கிவரச் சொன்னாள். கடையில் நின்றுகொண்டு சோப்பு, பல்பு, சீரகம் என்று படித்துக்கொண்டே வந்தவன் எதற்கோ துண்டைத் திருப்பினேன். ஒரு பக்கம் அந்தப் பெண் எழுதியது, கதவு மூன்று அடி என்று, தேதியோடு. இரண்டு விரல் இடைவெளி விட்டு உன் பெயர். கண்ணு, கடைக்காரர் என்ன வேண்டும் என்று மூன்று முறை கேட்டாராம், எனக்குக் காதில் விழவில்லை. சாமான் வாங்காமலே வீட்டுக்கு வந்தேன்.

நாலு நாள் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு டிரைவர் வீட்டுக்குப் போனேன், அதுதான் எனக்குச் சுலபமாக இருந்தது. தப்பு என்னுடையது, ஓரத்தை இன்ன காரணத்துக்காக வெட்டினேன் என்று ஒன்று விடாமல் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இங்க எதுக்கு வந்தீங்க? எனக்குக் கதவு சரியாயிடுச்சு. அந்தப் பொண்ணுகிட்ட போங்க" என்றார். தண்ணீர்கூடக் குடிக்கச் சொல்லவில்லை. அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

அவள் இப்போது ஒரு ஜெராக்ஸ் கடையில் இருக்கிறாள். வரையத் தெரிந்த கை, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பக்கம் பக்கமாக நகல் எடுத்துக்கொண்டிருக்கிறது. ஆட்கள் நிற்க, நானும் வரிசையில் நின்று என் முறை வந்ததும் சொன்னேன். மெஷினை நிறுத்தாமலே கேட்டாள். மன்னித்துவிடு என்றேன், அடுத்த தாளைக் கண்ணாடி மேல் வைத்தாள். வேலைக்குத் திரும்பி வா என்றேன், யோசிக்க வேண்டும் என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "அந்தத் துண்டு எனக்கு வேணும் சார். அண்ணன்கிட்ட காட்டணும். கவனம் கெட்டவள்னு தினமும் சொல்றார்" என்றாள். நான் வேண்டுமானால் கையெழுத்துப் போட்டு எழுதித் தருகிறேன் என்றேன். அதையும் தாங்க, துண்டையும் தாங்க என்றாள். நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்று வந்துவிட்டேன். ஏன் நாளைக்கு என்றேன் என்று உனக்குப் புரிந்திருக்கும்.

முக்கோணத்திடம் கேட்டேன். பிறத்தியார் கைக்கு அது போனால் உங்கள் மகளின் பெயர் நாளைக்கு எங்கே எல்லாம் போகும், அவளும் இதே தொழிலில்தானே இருக்கிறாள், உங்கள் பிராயச்சித்தத்துக்கு அவள் பலியா என்றார். அவர் சொன்னதில் தப்பு இல்லை. வீட்டுக்கு வந்து துண்டை மேஜையில் வைத்து ஸ்கேலை எடுத்தேன். இடைவெளி இரண்டு விரல். நடுவில் ஒரு கோடு இழுத்தால் அவள் எழுதியது அவளுக்கு, உன் பெயர் எனக்கு, யாருக்கும் நஷ்டம் இல்லை. கையில் பிளேடு இருந்தது. அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள், "அதையும் வெட்டப் போறீங்களா?" என்று கேட்டாள். எத்தனை ஆயிரம் முறை வெட்டியிருப்பேன், ஒரு முறைகூட நான் வெட்டுவது என் மகளின் பெயர் என்று தோன்றியதில்லை. அன்றைக்குத் தோன்றியது. அழுதுவிட்டேன், அம்மா சொல்வாள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் காலையில் துண்டை முழுசாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் வாங்கி, தான் எழுதியதையும் பக்கத்தில் இருந்த பெயரையும் பார்த்தாள், இது யார் என்று கேட்டாள். என் மகள், அவளுக்கு இது தெரியாது என்றேன். கண்ணாடி மேல் வைத்து ஒரு நகல் எடுத்து என் கையில் கொடுத்தாள். துண்டைத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

நான்கு கம்ப்யூட்டரிலிருந்தும் எடுத்துவிட்டேன், இந்த முறை நிஜமாக. ஆபீஸ் பெயரில் ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் வாங்கியிருக்கிறேன். ஒருவர் எழுந்தால்தான் ஒருவர் உட்கார முடியும், முக்கோணம் பல் டாக்டரிடம் காத்திருக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். மற்றவற்றில் இலவசமாகக் கிடைக்கும் ஒன்றைப் போட்டுக் கற்றுக்கொண்டிருக்கிறோம், என் வயதுக்கு அது உள்ளே இறங்க மறுக்கிறது. அந்தப் பெண் இன்னும் பதில் சொல்லவில்லை, அவள் மேஜையை அப்படியே வைத்திருக்கிறேன். வராமலும் போகலாம், அது அவள் இஷ்டம். கம்பெனிக்கும் எழுதிவிட்டேன். போட்டவன் நான், மகள் எடுக்கச் சொன்னாள், எடுத்துவிட்டேன் என்று பொய் சொல்லி ஏமாற்றினேன் என்று எழுதி என் கையெழுத்தைப் போட்டிருக்கிறேன். பதில் வரவில்லை.

நீ கோபப்படு, அம்மா. போனை எடுக்காமல் இருந்தாலும் சரி, அம்மாவிடம் மட்டும் பேசு, நான் பக்கத்தில் உட்கார்ந்து உன் குரலைக் கேட்டுக்கொள்கிறேன். நல்ல பெயரோடு, நல்ல உடம்போடு, நினைத்ததெல்லாம் நடந்து நீ நூறாண்டு இருக்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடு. ஒன்றை மட்டும் மறக்காதே: கம்பெனியிலிருந்து உனக்கு ஏதாவது கேட்டு எழுதினால், அப்பாவைக் காப்பாற்றுகிறேன் என்று எதையும் மறைத்துச் சொல்லாதே, நடந்தது நடந்தபடி சொல்லி என் விலாசத்தைக் கொடு. அந்த நகலை இதோடு வைத்திருக்கிறேன். உன்னைக் கேட்காமல் உன் பெயரை நான் எடுத்துக் கொடுத்தது இதுவே கடைசி.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அப்பா