வெள்ளைப் பூக்களில் சிவப்பு

மார்ச் 4, செவ்வாய்

மருமகளின் கம்பளத்தில் காப்பியைக் கொட்டிவிட்டேன். போன வருஷம் அவள் அம்மா காலமானபோது, அந்த வீட்டிலிருந்து இவள் கேட்டு வாங்கி வந்தது அது ஒன்றுதான். "விடுங்கம்மா, சுத்தம் பண்றவங்களக் கூப்பிடலாம்" என்றாள். முகம் வாடித்தான் இருந்தது.

மார்ச் 6, வியாழன்

பேத்தி போனைப் பார்த்து வாசித்தாள். மூன்று வழி இருக்கிறதாம். சுடுதண்ணீரைப் பீய்ச்சி மெஷினால் உறிஞ்சினால் அழுக்கு அடியோடு போகும், ஆனால் கம்பளி சுருங்கலாம், சாயம் இளகலாம். நுரை போட்டுத் தேய்த்தால், மிச்சம் நிற்கும் நுரையில் மறுபடி அழுக்கு ஒட்டும். பொடி தூவி உறிஞ்சினால் ஈரம் குறைவு, கம்பளிக்கு ஆபத்தில்லை. ஆழமான கறை போகுமோ, போகாதோ. எட்டு வயதில் என்ன மணிமணியாக வாசிக்கிறாள். நான் ஐந்தாவதோடு நிறுத்தியதை எல்லாம் இவள் படித்துவிடுவாள்.

"பொடிதான் பாட்டி நல்லது."

மருமகளும் கம்பெனிக்குப் போன் செய்து அதையே சொல்லிவிட்டாள். தண்ணீர் படாமல் ஒரு சுத்தமா? எனக்கு மனசு ஒப்பவில்லை.

மார்ச் 10, திங்கள்

மருமகள் வேலைக்குப் போனபின் ஆள் வந்தார். பொடி வேண்டாம், சுடுதண்ணீர் மெஷினையே போடு என்றேன்.

"அப்படின்னா முதல்ல ஓரத்துல ஈர வெள்ளைத்துணி வச்சுப் பாக்கணும் பெரியம்மா. சாயம் ஒட்டுதான்னு தெரிஞ்சுரும்."

"அம்பது வருஷமா துவைக்கிறேன். எனக்குத் தெரியாத சாயமா? நீ போடுப்பா."

"அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது" என்று சிரித்துக்கொண்டேதான் போட்டார்.

காப்பிக் கறை போயிருச்சு. ஓரத்துச் சிவப்பு ஓடி, நடுவில் இருந்த வெள்ளைப் பூ அத்தனையும் சிவந்துபோச்சு. நிறுத்து நிறுத்துன்னு கத்தினேன். கத்தி என்ன.

மார்ச் 11

"பொடின்னு சொல்லியும் அந்த ஆள் ஏம்மா இப்படிப் பண்ணினார்?" என்று மருமகள் கேட்டாள். துணி மடிக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

மார்ச் 12

அவர் கம்பெனிக்குப் போன் போட்டு, அவரை வேலையை விட்டே எடுக்கச் சொல்கிறாள். எறும்பைக்கூட ஓரமாய் விலக்கிவிடுகிறவள். என் வாய்க்கு என்ன வந்தது? ஊர் நியாயமெல்லாம் பேசுமே.

மார்ச் 13, வியாழன்

சொல்லிவிட்டேன். பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவள் திரும்பவில்லை. குழாயை மூடினாள். கையைத் துடைத்துக்கொண்டு கம்பெனிக்குப் போன் செய்தாள். "அவர் மேல தப்பில்லைங்க. தப்பு எங்க வீட்டுலதான்."

என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மார்ச் 14

கம்பளம் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில்.

மார்ச் 19, புதன்

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னை அம்மா என்றுதான் கூப்பிடுவாள். யாராவது கேட்டால், எனக்கு ரெண்டு அம்மா என்பாள்.

இன்று சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு வந்து நின்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

"அத்தை, சாப்பிட வாங்க."